வெயிலுக்குப் பயப்படுவோம், நிறத்துக்கு அல்ல

“வெயிலுக்குப் போகாதே புள்ள, கறுத்துப் போவாய்.” நம் வீடுகளில் இந்த வாசகத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் பிள்ளையைக் காண்பது கடினம். உம்மா சொல்வார், மாமி சொல்வார், பாதையில் கண்ட அயல்வீட்டுப் பெண்ணும் சொல்வார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரையின் முதற்பாதி சரி, பிற்பாதி பிழை என்பது என் கருத்து. வெயில் முகத்துக்குக் கேடு செய்வது உண்மை. அந்தக் கேட்டின் பெயர் கறுப்பு அல்ல. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக எண்ணிக்கொண்டதால்தான், முகத்தைக் காப்பதற்குச் செலவாக வேண்டிய பணம் முகத்தைக் கெடுக்கும் டப்பாக்களுக்குப் போகிறது.

முதலில் வெயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இலங்கை மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்த நாடு. வெயிலில் உள்ள கழியூதாக் கதிர்களின் வலிமையை அளக்க ஒரு சுட்டி உண்டு. அது 3 ஐ எட்டினாலே பாதுகாப்புத் தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 11 உம் அதற்கு மேலும் மிக உச்சமான வகை. முகில் இல்லாத நாட்களில் நமது நண்பகல் வெயில் அந்த வகையைத் தொடுவது சாதாரணம்.

இக்கதிர்களில் ஒரு வகை மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கிறது. மற்றொரு வகை கண்ணாடியையும் ஊடுருவி, தோலின் உட்படை வரை சென்று, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கிறது. சுருக்கம், தொய்வு, சொரசொரப்பு எல்லாம் அதனால் வருபவை. 2012 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் வெளியானது. 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. அந்நாட்டில் சாரதி இடப்பக்கம் அமர்வார். யன்னல் பக்கமாக இருந்த அவரது இடது கன்னம் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. வலது கன்னம் பல ஆண்டுகள் இளமையாகத் தெரிந்தது. முகமும் வயதும் ஒன்றே. பட்ட வெயில் மட்டுமே வேறு.

அப்படியானால் கறுப்பது என்ன? வெயில் படும்போது தோல் மெலனின் என்னும் நிறப்பொருளைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. அது கழியூதாக் கதிர்களை உறிஞ்சி, கலங்களின் உட்கருவைக் காக்கிறது. அதாவது, மெலனின் என்பது தோல் தனக்குத் தானே பிடிக்கும் குடை. நம்மைப் போன்ற மாநிறத் தோலினருக்குச் சுருக்கங்கள் சற்றுப் பிந்தி வருவதற்கும் இந்தக் குடையே காரணம். அதேவேளை, நமக்கு வெயிலின் பாதிப்பு முதலில் தெரிவது கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாகப் படியும் கருமையாகத்தான். கர்ப்ப காலத்தின் ஓமோன் மாற்றமும் சேர்ந்தால் அது இன்னும் கூடும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். அந்தத் திட்டைக் கண்ட பெண் தோல் வைத்தியரிடம் போவதில்லை. பென்சிக் கடைக்குப் போகிறார். அங்கே வெயில் காயத்துக்கு மருந்து கிடைப்பதில்லை. வெள்ளையாக்கும் கிறீம்தான் கிடைக்கிறது.

எங்கள் குடும்பத்தில் சாச்சி ஒருவருக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரு கன்னங்களிலும் கருந்திட்டு வந்தது. முகவரியோ உள்ளடக்கமோ அச்சிடப்படாத ஒரு சிறு டப்பாவைக் கடையில் கொடுத்தார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. கண்டவர்கள் எல்லாம் பெயர் கேட்டார்கள். சில மாதங்களில் அடுப்படிச் சூட்டைக்கூட அந்த முகத்தால் தாங்க முடியவில்லை. பூசுவதை நிறுத்தினால் சிவந்து எரிந்தது, பூசினால் தணிந்தது. இறுதியில் வைத்தியசாலைக் கிளினிக்கில், அது ஸ்டீரொய்ட் கலந்த கிறீமின் வேலை என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். முகம் தேற நெடுநாள் எடுத்தது.

இத்தகைய கிறீம்களில் அடிக்கடி அகப்படுபவை மூன்று பொருட்கள். ஒன்று, வீரியமான ஸ்டீரொய்ட். அது தோலை மெலிய வைத்து, நரம்பு போலச் சிவப்புக் கோடுகளையும் பருக்களையும் உண்டாக்கும். இரண்டாவது ஹைட்ரோகுயினோன். வைத்தியரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்குப் பயன்படும் மருந்து அது. கண்டபடி நெடுங்காலம் பூசினால் நீலங்கலந்த கருமை படிந்து நிலைத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் அதை முகப்பூச்சுகளில் 2001 முதலே தடை செய்துள்ளது. மூன்றாவது பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புத் தொகுதியையும் பாதிக்கிறது. துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, அதைப் பூசாத பிள்ளைகளையும் சென்றடைகிறது. கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகிறது. தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று ஒரு கிறீமில் எழுதியிருந்தால் பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும். தங்கத்துக்கு ஆகாத பொருளைக் கன்னத்தில் பூசுவது எப்படித் தகும்?

இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். வெயிலின் தடத்தை அழிப்பதாகச் சொல்லி விற்கப்படும் கிறீம், வெயிலைத் தடுக்கும் மெலனினையே அழிக்கிறது. தோலையும் மெலிய வைக்கிறது. குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நனையாமல் இருக்கச் சொல்வது போன்றது இது.

அப்படியானால் உண்மையில் பயன் தருவது எது? அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் அவதானித்த ஆய்வொன்றின் முடிவு 2013 இல் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்கிறீன் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறிகள், விரும்பிய நேரம் மட்டும் பூசியவர்களை விட 24 சதவீதம் குறைவாக இருந்தன. அந்த ஊரவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். ஆயினும் கொலாஜன் சிதையும் முறை எல்லாத் தோலுக்கும் ஒன்றே.

ஏற்கெனவே வந்த பாதிப்பைத் திருத்தவும் மருந்து உண்டு. விட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினொயின் கிறீமை, வெயிலால் வரும் மெல்லிய சுருக்கங்களுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 1995 இல் அனுமதித்தது. ஆனால் அது ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் வித்தை அல்ல. மாதக்கணக்கில் இரவில் பூச வேண்டும். தொடக்கத்தில் தோல் உரியும், சிவக்கும். பகலில் வெயில் காப்புக் கட்டாயம். கர்ப்பிணிகள் பூசக் கூடாது. அதனால்தான் வைத்தியரின் துண்டு தேவைப்படுகிறது.

சன்ஸ்கிறீன் விலை கூடியது என்பது நியாயமான முறைப்பாடு. வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட, இரு வகைக் கதிர்களையும் தடுக்கும் ஒன்றை வாங்கலாம். வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வுழூச் செய்தால் கழுவப்படும் என்பதால், ளுஹர் தொழுத பின் மீண்டும் பூசிக்கொள்வது நமக்கு வசதியான ஒழுங்கு. வாங்க முடியாதவர்களுக்குக் குடை இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, நேரத்தை மாற்றும் வழி இருக்கிறது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வயலிலோ மைதானத்திலோ நிற்பதைக் குறைத்தாலே பெரும் பங்கு தப்பிவிடும்.

சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். சட்டம் இல்லாமல் இல்லை. 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சமவாயத்தில் இலங்கையும் ஒரு தரப்பு. மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த கிறீம்களின் உற்பத்தியும் வர்த்தகமும் 2020 உடன் நிற்க வேண்டும் என்று அது கூறுகிறது. இருந்தும் அவை பயணப் பைகளிலும் பார்சல்களிலும் வந்து சேர்கின்றன. கேட்பவர் இருக்கும் வரை விற்பவரும் இருப்பார்.

கேட்க வைப்பது யார்? “பிள்ளை நிறமா?” என்று விசாரிக்கும் கல்யாணப் பேச்சுகள்தான். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மணப்பெண்ணின் கையில் ஒரு டப்பாவைத் திணிப்பதும் நாம்தான். வெள்ளையருக்குக் கறுப்பரை விட இறையச்சத்தாலன்றி எந்த மேன்மையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தமது இறுதிப் பேருரையில் போதித்தார்கள். பிலால் (ரலி) அவர்களின் சரித்திரத்தை மீலாத் மேடைகளில் உருக்கமாகப் பேசுகிறோம். மேடையை விட்டு இறங்கிப் பெண் பார்க்கப் போகும்போது அதை மறந்துவிடுகிறோம்.

அழகாக இருக்க விரும்புவது தவறென்று நான் சொல்லவில்லை. திட்டு விழுந்த முகத்துக்கு வைத்தியம் தேடுவதும் தவறல்ல. ஆரோக்கியமான தோலைத் தேடுங்கள், வேறொருவரின் நிறத்தைத் தேடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். கறுத்துவிடுவாள் என்ற பயத்தில் பிள்ளையை வலைப்பந்து அணியிலிருந்து நிறுத்தும் பெற்றோர், அவளை மாலைப் பயிற்சிக்கு அனுப்பட்டும். பாடசாலை, உச்சி வெயிலில் நடக்கும் ஒத்திகைகளை நேரம் மாற்றட்டும். மாணவிகளாகிய நாம், உள்ளடக்கம் எழுதப்படாத எந்த டப்பாவையும் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்யாமல் இருப்போம்.

உம்மாமார் அந்தப் பழைய வாசகத்தையும் சற்றுத் திருத்திச் சொல்லலாம். “வெயில் கடுமையாக இருக்கிறது புள்ள, குடையை எடுத்துக்கொண்டு போ.” அதுவே போதும்.