வண்டியின் வயதைக் கேட்காதீர்கள், பிரேக்கைப் பாருங்கள்

எங்கள் டிரைலருக்கு இருபது வயது முடிந்துவிட்டது. ஆகவே அதற்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணம் 25,000 ரூபாய். 2025 நவம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிப்பு அப்படி. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2021 அக்டோபரில், பதினைந்து வயது தாண்டிய கனரக வண்டிக்கு 12,500 என்று வைத்திருந்தார்கள். பணம் கட்ட வயிறு எரியத்தான் செய்கிறது. அதைவிட உறுத்துவது, இந்தத் தொகையை முடிவு செய்ய யாரும் வண்டியைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்பது. ஆர்.சி.யில் உள்ள தேதி போதும். புகையை அளக்குமுன், பிரேக்கை மிதிக்குமுன், வண்டி கெட்டது என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

தூத்துக்குடியில் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். 2005 மாடல் டாடா 3516. முதல் இரண்டு எண் அது இழுக்கும் மொத்த எடை, 35 டன். அடுத்த இரண்டு, 160 குதிரைத்திறன். ஓட்டுவது வீட்டுக்காரர். டீசல் பில், டயர், இன்சூரன்ஸ், டேக்ஸ், எஃப்.சி. எல்லாம் என் தலையில். சங்ககிரியில் ஒரு பெரிய முதலாளியிடம் இருந்து வடக்கே ஓடி, இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. 2018-இல் எடை வரம்பைக் கூட்டிய பிறகு வந்த டிரைலர்களுக்கு 55 டன் வரை அனுமதி உண்டு. துறைமுக கேட்டில் அவற்றின் நடுவே எங்கள் வண்டி நிற்கும்போது, பேரன்மாரோடு போட்டோவுக்கு நிற்கிற தாத்தா மாதிரி இருக்கும்.

டிரைலர்களின் ஆயுள் இப்படித்தான் இறங்கி வரும். முதல் சில வருடம் மும்பை, நாக்பூர், டெல்லி. பிறகு பெங்களூர், ஹைதராபாத். பதினைந்து வயதானால் பல அச்சு வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது. மற்ற சரக்கு லாரிக்குப் பன்னிரண்டோடு சரி. அதன்பின் மாநிலத்துக்குள் ஓட வேண்டியதுதான். கடைசியில் துறைமுகம். கப்பலில் இறங்கிய கன்டெய்னரை ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள யார்டில் இறக்கி, காலிப் பெட்டியோடு திரும்புவது. ஓடுகிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். முன்னால் இழுக்கிற ஹெட்டும் பின்னால் டிரைலருமாக நாற்பது லட்சத்துக்குக் குறையாமல் போட்டு, மாதாமாதம் டியூ கட்டுகிறவருக்கு இந்த வேலை கட்டுப்படியாகாது. அவர் வண்டி ராத்திரி பகலாக ஓடியாக வேண்டும். டியூ முடிந்த வண்டிதான் நின்று காத்திருக்க முடியும். துறைமுகத்தைச் சுற்றிப் பழைய டிரைலர்கள் நிறைந்திருக்கிற காரணம் இவ்வளவுதான்.

கடற்கரை ஊரில் பழைய வண்டி வைத்திருப்பது தனிப்பாடு. சேஸிஸ் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், அதற்கு பெயிண்ட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது பிரேக். லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி ஏர் டேங்கின் அடியில் தங்கும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? காலையில் வண்டி எடுக்குமுன் டேங்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றோடு தண்ணீர் சீறும். தெளிவாக வந்தால் பயமில்லை. செம்மண் நிறத்தில் வந்தால் டேங்க் உள்ளே அரிக்கிறது. பால் மாதிரி வெளுத்துக் கொழகொழவென்று வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்து ஆயில் கலக்கிறது. ஏர் டிரையர் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அதன் ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்றினால்தானே!

திறந்துவிடாமல் விட்டால் அந்தத் தண்ணீர் பைப் வழியே போய் வால்வுகளில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மிதிக்கும்போது ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், ஒரு சக்கரம் பிந்திப் பிடிக்கும். பாரத்தோடு வருகிற டிரைலர் ஹெட்டைத் தள்ளிக்கொண்டு குறுக்கே மடங்குவதற்கு அது ஒன்றே போதும். தினமும் வால்வைத் திறந்து மூடுவதற்குக் காலணாச் செலவில்லை. செய்கிற வண்டியும் உண்டு, செய்யாத வண்டியும் உண்டு. ஐந்து வயது வண்டியில் செய்யாமல் விட்டிருப்பார்கள். கட்டண அட்டவணையில் அது தெரியாது.

புகைக்கும் இதே கதைதான். எங்கள் வண்டியில் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின், மைக்கோ டீசல் பம்ப். (மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பட்டறையில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.) பம்ப் கடையில் பம்பைக் கழற்றி மேடையில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். ஆறு லைனுக்கும் கீழே ஆறு கண்ணாடிக் குழாய். குறிப்பிட்ட சுற்று முடிந்ததும் நிறுத்தி, ஆறிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணைக் குழாய்க்கு நேரே வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் குறைந்தால் இன்ஜின் நடுங்கும். ஒன்றில் கூடினால் அந்தச் சிலிண்டர் கரும்புகை தள்ளும். எங்கள் பம்ப் அண்ணாச்சி ஒருமுறை சொன்னார்: “புகையுதுன்னா வண்டிக்கு வயசாயிட்டுன்னு அர்த்தம் இல்லம்மா. எவனோ பம்பக் கூட்டி வச்சிருக்கான்.” அதுதான் உண்மை. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஓவர்லோடு அடிக்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. உள்ளே போகிற காற்று அதே அளவுதான். கூடுதலாகப் போன டீசல் முழுசாக எரியாமல் கரியாக வெளியே வரும். லிட்டருக்கு மூன்றேகால் கிலோமீட்டர் கொடுத்த வண்டி இரண்டரைக்கு இறங்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது பம்பைச் சரியாக வைத்திருப்பதில் என் சுயநலமும் சேர்ந்திருக்கிறது.

விதிப்படி எங்களுடையது போன்ற பழைய டீசல் வண்டியின் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. பி.எஸ்.4 என்கிற பிந்தைய மாசுத் தரத்தில் வந்த வண்டிக்கு 50. அளக்கக் கருவி இருக்கிறது. சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாகச் சொல்லும் இயந்திரமும் இருக்கிறது. தானியங்கிச் சோதனை நிலையம் என்றால் தொழிலில் பலருக்குக் கசக்கிறது. எனக்குக் கசக்கவில்லை. சீக்கிரம் எல்லா ஊரிலும் வரட்டும்.

இப்போது எஃப்.சி. நாளில் நடப்பது ஊரறிந்தது. நல்ல டயரை ஒரு நாள் வாடகைக்கு வாங்கி மாட்டுவார்கள். பெயிண்ட் அடித்து, சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, பொட்டு வைத்துக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். மறுநாள் வழுக்கை டயர் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இதைச் செய்வது எங்கள் தொழில்காரர்கள்தான், வெளியாள் யாருமில்லை. எழுதினால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். 25,000 ரூபாய்க் கட்டணம் இந்த ஏமாற்றை நிறுத்துமா, கூட்டுமா? டயருக்கென்று எடுத்து வைத்த காசு கட்டணத்துக்குப் போனால், டயரை வாடகைக்கு எடுக்கிற ஆள் கூடத்தான் செய்வார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் எடைப் பிரிவில், அதாவது 20 முதல் 40 டன் வரை, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2022 அறிவிப்புப்படி வருடத்துக்கு 43,950 ரூபாய். நேற்று ஷோரூமில் எடுத்த வண்டிக்கும் அதே தொகை, இருபது வயது வண்டிக்கும் அதே தொகை. இதையும் நிர்ணயிப்பது அரசுதான். விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டக் கேட்கிற பணத்தில் வயதுக்கு இடமில்லை. ரோட்டில் ஓடத் தகுதி உண்டா என்று பார்க்கக் கேட்கிற பணத்தில் மட்டும் வயதுதான் எல்லாம்.

பழைய வண்டிக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. எவ்வளவு நன்றாகப் பம்பைச் சீர் செய்தாலும் எங்கள் இன்ஜின் பி.எஸ்.2 காலத்து இன்ஜின். அந்தத் தரத்தில் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு நைட்ரஜன் ஆக்சைடு 7 கிராம் வரையும், கரித்துகள் 0.15 கிராம் வரையும் விடலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-இல் அது 0.4 கிராம், 0.01 கிராம். இதற்கு மேல் வாதாட இடமில்லை. சென்னை, கோவை மாதிரி நெரிசலான ஊருக்குள் எங்கள் வண்டி வரக் கூடாது என்று நாளைக்கே தடை போட்டால் நான் கொடி பிடிக்க மாட்டேன். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சித்திரை வெயிலில் துறைமுக வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிற என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்க்கிறவள் என்ற முறையில் அந்தச் சட்டத்துக்குக் கும்பிடு.

அதே சமயம், புகை கிலோமீட்டர் கணக்கில் வெளியே வருகிறதே தவிர வருடக் கணக்கில் வருவதில்லை. துறைமுகத்துக்கும் யார்டுக்கும் நடுவே நகர்கிற வண்டி மாதம் ஓடுகிற தூரத்தை நெடுஞ்சாலை வண்டி சில நாளில் ஓடி முடித்துவிடும்.

புது வண்டிக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆசை இருக்கிறது. 2025 செப்டம்பரில் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமானது நல்ல உதவி. பழையதை அரசு அங்கீகரித்த உடைப்பு மையத்தில் கொடுத்தால் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புது சரக்கு வண்டி வாங்கினால் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை என்று 2021-இல் விதி வந்தது. சான்றை வேறொருவருக்கு விற்கவும் வழி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒற்றை வண்டிக்காரர் 2005 மாடலிலிருந்து 2026 மாடலுக்குத் தாவுவதில்லை. 2018, 2019 மாடலுக்குத்தான் போவார். அது பி.எஸ்.4. எங்கள் வண்டியைவிட எவ்வளவோ சுத்தம், விலையும் எட்டுகிற தூரம். அந்தப் படியில் எங்களுக்கு ஒரு ரூபாய்ச் சலுகை இல்லை. பழைய வண்டிக்குக் கடன் கேட்டால் வங்கி முகம் கொடுக்காது. வட்டி கூடுதலான தனியார் ஃபைனான்ஸ்தான் கதி.

பி.எஸ்.6 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசல் தனி டேங்கில் ஊற்ற வேண்டும், சைலன்சர் பக்கம் ஏகப்பட்ட சென்சார். ஒரு சென்சார் கோளாறு சொன்னால் வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். புகைக்கு அது நல்லது. பெரிய முதலாளிக்கு ஒரு வண்டி நின்றால் இன்னொன்று ஓடும். எங்களுக்கு நின்றால் அடுப்பு நிற்கும். கம்பெனி கம்ப்யூட்டரை மாட்டாமல் கோளாறு என்னவென்றே தெரியாது என்ற நிலை மாறி, பைபாஸ் ரோட்டுப் பட்டறையில் உள்ள பையனுக்கும் அந்தக் கருவியும் பயிற்சியும் கிடைத்தால், பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆட்கள் பாதியாகக் குறைவார்கள்.

நான் கேட்பது இது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடம் ஒருமுறை எஃப்.சி. என்று இருக்கிறது. பதினைந்து தாண்டியதற்கு வருடம் இரண்டு முறை வையுங்கள், வருகிறோம். ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் மறித்து டயரைப் பாருங்கள், புகையை அளங்கள். எல்லா வயது வண்டிக்கும் ஒரே கட்டணம் வாங்குங்கள். தேறாத வண்டியிடம், அது மூன்று வயதானாலும் சரி, இருபது வயதானாலும் சரி, மறு சோதனைக்கு இரட்டிப்பாக வாங்குங்கள். உடைப்புச் சான்றுக்கான வரிச் சலுகையைப் பழைய பி.எஸ்.4 வண்டி வாங்குகிறவருக்கும் நீட்டுங்கள். அது வந்துவிட்டால் எங்கள் 3516-ஐ உடைப்பு மையத்துக்கு நானே அனுப்பி வைக்கிறேன். வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கொஞ்சம் பாடு.