ஆட்டம் இனிக்கிறது, ஆள் கசக்கிறானா?

ஆஸ்திரேலிய நாட்டிலே, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்திலே, ஆண்டுதோறும் ஒரு விழா. 2005 முதல் எசென்டன் அணியும் ரிச்மண்ட் அணியும் பூர்வகுடி மக்களைப் போற்றிக் கால்பந்து ஆடுகின்றன. மண்ணுக்குரியோர் முன்னின்று வரவேற்புரைக்கிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அவர்தம் ஓவியம் தீட்டிய சட்டையணிந்து வீரர்கள் களம் புகுகிறார்கள். பல்லாயிரவர் கையொலி எழுப்புகிறார்கள்.

நல்ல காட்சி. பாராட்டுகிறோம். ஆனால் தோழர்களே, இந்த விழா யாரோ இட்ட பிச்சையா? அல்ல, அல்ல!

1927-ல் டக் நிக்கோல்ஸ் என்ற கறுப்பு இளைஞர் கார்ல்டன் அணியில் ஆட வந்தார். மேனி நாறுகிறது என்றனர் உடன் ஆடியோர், விரட்டப்பட்டார். அவரே பின்னர் பிட்ஸ்ராய் அணியில் புகழ் நாட்டினார். 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். இன்று அந்த விழாச் சுற்றுக்கு அவர் பெயர்!

1993-ல் நிக்கி வின்மார், வசை பொழிந்த கூட்டத்தின் எதிரே, சட்டையை உயர்த்தித் தன் கருந்தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். 1995-ல் மைக்கேல் லாங், தன்னை இழித்துரைத்ததை விழுங்கிக்கொள்ள மறுத்தார். அதன் பிறகே, இனம் சொல்லி ஏசுவது குற்றம் என்று விதி எழுதிற்று லீக். வாதாடிப் பெற்ற விழா இது, வரமாக வந்ததல்ல!

இத்தனைக்கும் பிறகு நடந்தது என்ன? ஆடம் கூட்ஸ், சிட்னி அணியின் மாவீரர். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை இருமுறை வென்றவர். 2013-ல், பூர்வகுடியைப் போற்றும் அதே சுற்றிலே, பார்வையாளர் பகுதியிலிருந்து அவரைக் குரங்கு என்று அழைத்தது ஒரு குரல். பேசியது 13 வயதுச் சிறுமி. அவளைப் பழிக்காதீர்கள், என்று கேட்டுக்கொண்டார் அந்தப் பெருந்தகை. 2014-ல் நாட்டின் சிறந்த குடிமகன் என்ற விருது பெற்றார். இனவெறியைக் கண்டித்துப் பேசினார். 2015-ல், மீண்டும் அதே சுற்றிலே, கோல் அடித்த களிப்பில் பூர்வகுடிப் போர்நடனம் ஆடினார். ஈட்டி எறிவதுபோல் கை வீசினார்.

அவ்வளவுதான்! அச்சுறுத்துகிறான் என்றனர். முன்பே எழுந்த ஊளை மைதானந்தோறும் பெருகிற்று. அந்த ஆண்டோடு ஆட்டத்தைவிட்டே விலகினார். லீக்கும் 18 அணிகளும் மன்னிப்புக் கேட்டன. எப்போது? 2019-ல்!

விழா மேடையிலே ஆடினால் கலை. வென்ற வீரன் ஆடினால் கலகமா? வண்ணச் சட்டை வேண்டும், அதற்குள் இருக்கும் தன்மானம் வேண்டாமா?

மைதானத்தோடு போயிற்றா? 2023-ல், நாடாளுமன்றத்துக்குத் தம் கருத்தைக் கூற அம்மக்களுக்கு ஓர் அவை தரலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு அறுபது பேர் 'கூடாது' என்றனர். ஆறு மாநிலங்களும் மறுத்தன. மைதானத்தில் மாலை; மன்றத்திலே கதவடைப்பு!

விழா வேண்டாம் என்று கூறவில்லை நாம். அது வளரட்டும். கறுப்பு வீரனின் காலிலுள்ள திறமைக்குக் கை தட்டுவோர், அவன் வாய் திறந்து உரிமை கேட்கும்போதும் கை தட்டட்டும். அன்றுதான் அது விழா. அதுவரை, வெறும் வேடிக்கை!