பழைய வால்வு ஆம்ப்ளிபயர்: வாங்கலாமா?

தாராசுரம் கோவில், சுரம் எழுப்பும் கற்படிகளுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர் இளைஞர் கிட்டார் வாசிக்கவோ ஆம்ப்ளிபயர் வேண்டும். ஒலி இனிமை என்று பழைய வால்வு ஆம்ப்ளிபயரை வாங்கலாமா?

வால்வு தேய்ந்துபோகும் பொருள். முன்பு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. இன்று ரஷ்யா, சீனா, சுலோவேகியாவை நம்பவேண்டும். உக்ரைன் போரையொட்டி 2022-ல் ரஷ்ய வால்வு வரத்து தடைப்பட்டது, விலை ஏறியது.

ஆகவே, கேட்கும் விலையோடு புதிய வால்வு, கண்டென்சர், ரிப்பேர் கூலியையும் கூட்டிப் பாருங்கள். புதிய ஆம்ப்ளிபயரின் விலையை எட்டினால் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

எச்சரிக்கை! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து! பெட்டியைத் தொழில் தெரிந்தவரே திறக்கவேண்டும்.