தூசி கேமராவுக்குள்ள, பழி சேலை மேல

இந்த வாரம் நவரை அறுவடை பத்தி எழுதறதா இருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். மனசுல ஒரு கோபம் இருக்கு, அதை இறக்கி வச்சாத்தான் எனக்கு வேற வேலை ஓடும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச நெசவாளத் தம்பி ஒருத்தர் இருக்காரு. சொந்தத் தறி. கோர்வை சேலை நெய்யறவரு. உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம், மூணு நாடா ஓடணும், பக்கத்துல உதவிக்கு ஒரு ஆள் உக்காரணும். ஒரு சேலை இறங்க இருபது நாள் ஆயிடும். ரெண்டு வருஷமா சேலையைப் படம் எடுத்து வாட்ஸாப்புல அனுப்பி நேரா விக்கிறாரு. மூடிப்போன ஸ்டுடியோ ஒண்ணுல இருந்து பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமரா ஒண்ணை வாங்கி வச்சிருக்காரு.

போன மாசம் மாம்பழ மஞ்சள்ல ஒரு சேலை. பெங்களூர்ல ஒரு அம்மா கேட்டிருக்காங்க. படம் போயிருக்கு. திரும்பி வந்த பதில்: "மேல மூணு இடத்துல கறை இருக்கு, வேணாம்." இவரு சேலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சு, சம்சாரத்தையும் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் தேடியிருக்காரு. கறை இல்ல. அன்னிக்கு ராத்திரி எனக்கு போன். "அண்ணே, என் கண்ணு போச்சா, இல்ல பட்டு போச்சா?"

நேர்ல போய்ப் பார்த்தேன். மஞ்சள் சேலைப் படத்துல மூணு மங்கலான கறுப்புப் புள்ளி. அதுக்கு முன்னாடி எடுத்த வெங்காயக் கலர் சேலையிலயும் அதே மூணு புள்ளி, அதே இடத்துல. அரக்குல மட்டும் தெரியல, இருட்டு நிறம் அதை முழுங்கிடுச்சு. ரெண்டு சேலையில ஒரே இடத்துல கறை விழுமா? கறை சேலையில இல்ல தம்பி, கேமராவோட சென்சார்ல தூசின்னு சொன்னேன்.

அதை அவரும் ஒரு கடையில கேட்டிருக்காரு. கடைப்பையன் சொன்னது: "அதுல கை வச்சீங்கன்னா சென்சாரே போயிடும் சார். கேமராவைக் குப்பையில போட வேண்டியதுதான். விட்டுட்டுப் போங்க, சென்னைக்கு அனுப்பறோம், பதினஞ்சு நாள் ஆகும்." பதினஞ்சு நாள்னா கிட்டத்தட்ட இன்னொரு சேலை நெய்யற காலம்.

என் கோபம் அந்தப் பையன் மேல இல்ல. "கை வைக்காதே"ங்கற அந்த வார்த்தை மேல. அதை முதல்ல நம்பறது பட்டணத்துல இருக்கற நீங்கதான். உங்ககிட்ட இருந்து அது எங்க ஊருக்கும் வந்து சேருது.

முதல்ல ஒரு உண்மை. நாம தொடறது சென்சாரே இல்ல. அதுக்கு முன்னால ஒரு கண்ணாடி வடிகட்டி ஒட்டியிருக்கு. தூசி உக்கார்றது அந்தக் கண்ணாடி மேல. ஆடுற சதுரம் ரொம்பச் சின்னது, இந்த மாதிரி கேமராவுல சுமார் 23 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். பெரிய ரகத்துல 36-க்கு 24. அவ்வளவு சின்ன இடத்துல ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் படத்துல பெருசாத் தெரியும்.

எல்லாப் படத்துலயும் ஏன் தெரியறதில்ல? மேகமூட்டமான நாள்ல மரத்தடியில நின்னு பாருங்க, நிழல் எங்க முடியுதுன்னே தெரியாது. உச்சி வெயில்ல ஒவ்வொரு இலை நிழலும் தரையில எழுதின மாதிரி இருக்கும். கேமராவும் அப்படித்தான். லென்ஸ் துவாரத்தை அகலமாத் திறந்தா வெளிச்சம் பல பக்கத்துல இருந்து வந்து தூசியோட நிழல் கரைஞ்சுபோகும். துவாரத்தை எஃப்/16, எஃப்/22-ன்னு சுருக்கினா நிழல் பளிச்சுனு விழும். நம்ம தம்பி ஜரிகையும் கரையும் முந்தானையும் முழுசாத் தெளிவா வரணும்னு ஸ்டாண்டுல கேமராவை வச்சு எஃப்/16-ல எடுக்கறவரு. நல்லா எடுக்கணும்னு நினைச்சவருக்குத்தான் புள்ளி விழுந்துச்சு.

சரி, எப்படிச் செஞ்சோம்னு சொல்றேன்.

துவாரத்தை எஃப்/22-க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கலைச்சுட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தோம். மூணு இல்ல, ஏழு புள்ளி இருந்துச்சு. படத்துல மேல தெரியற புள்ளி சென்சார்ல கீழ இருக்கும், ஏன்னா லென்ஸ் படத்தைத் தலைகீழாப் போடுது. லென்ஸைக் கழட்டி முன்னால இருந்து பார்க்கும்போது இடது வலது மாறாது, மேல் கீழ் மட்டும் மாறும். இது தெரியாம தப்பான மூலையைத் துடைச்சவங்க நிறைய.

பேட்டரியை முழுசாச் சார்ஜ் பண்ணணும். மெனுவுல சென்சார் சுத்தம் செய்யற வசதி இருக்கும், அதைத் தட்டினா கண்ணாடி தூக்கிக்கும், ஷட்டர் திறக்கும். நடுவுல சார்ஜ் போச்சுன்னா ஷட்டர் சட்டுனு மூடி, உள்ள இருக்கற சாமான் மேல அடிச்சிடும். ஆபத்துன்னா அதுதான் ஆபத்து. அறையில ஃபேனை நிறுத்திட்டு, தரையை ஈரத்துணியால துடைச்சு, கால் மணி நேரம் விட்டோம். தறி இருக்கற வீடு, பட்டு நூல் தும்பு எந்நேரமும் மிதக்கும்.

அப்புறம் கேமரா வாயைக் கீழ பார்க்கப் பிடிச்சுக்கிட்டு, ரப்பர் பல்பு ஊதியால நாலு தடவை ஊதினோம். முனை உள்ள நுழையக் கூடாது. தூசி கீழதானே விழணும். இன்னொரு வானப் படம். ஏழுல அஞ்சு போயிடுச்சு. இதுக்கு ஆன செலவு அந்த பல்புக்குச் சில நூறு ரூபாய், ஒரே தடவை. பல்பு பத்து வருஷம் வரும்.

மிச்சம் ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குன்னு விக்கற துடைப்பான் இருக்கு, சென்சார் உயரத்துக்கு அளவா வெட்டினது, ஒவ்வொண்ணும் தனி உறையில. அதுக்கான திரவம் ரெண்டு சொட்டு போதும். ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. திருப்பி மறுபக்கத்தால ஒரே இழுப்பு. அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுடணும். மிச்சம் பிடிக்கறேன்னு ரெண்டாவது தடவை அதையே போட்டுத் தேய்க்கறதுதான் கீறல். எங்க வேலை இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு.

என்ன செய்யக் கூடாதுன்னும் சொல்றேன், ஏன்னா நானே செஞ்சிருக்கேன். நாலு வருஷம் முன்னாடி நெல்லடிக்கற களத்துல நின்னுக்கிட்டு லென்ஸ் மாத்தி, பதர்த் தூசி உள்ள போய், அவசரத்துல வாயால ஊதிட்டேன். தூசி போகல, எச்சில் பொட்டு சேர்ந்துச்சு. அது காஞ்சு ஒட்டி, முன்னால இருந்ததை விட மோசம். வாயால ஊதாதீங்க. டப்பாவுல அடைச்ச காத்தை அடிக்காதீங்க, உள்ள இருக்கற வாயு கண்ணாடியில உறைஞ்சு படியும். பனியன் துணி, பட்ஸ், வீட்டுக் கண்ணாடி துடைக்கற திரவம் எதுவும் வேண்டாம்.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

"கை வச்சா போச்சு"ன்னு சொல்றவங்க, கேமராவோட வந்த புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்ததே இல்ல. கேனான், நிக்கான் ரெண்டு கம்பெனி புத்தகத்துலயும் பயன்படுத்தறவரே பல்பால ஊதிச் சுத்தம் பண்றது எப்படின்னு போட்டிருக்கு. அதுக்கு மேல ஒட்டிக்கிட்டதை சர்வீஸுக்குக் கொடுங்கன்னு சொல்லுவாங்க, அதையும் மறைக்கல. ஆனா முதல் படியையே தொடாதேன்னு அவங்க சொல்லல. அதைச் சொன்னது நடுவுல இருக்கறவங்க.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"னு சென்னையில இருந்து வர்ற என் நண்பர் கேட்டாரு. நிக்கான் டி600 கதையை அவருக்குச் சொன்னேன். 2012-ல வந்த கேமரா. புதுசா வாங்கினவங்க படத்துலயே புள்ளி சேர ஆரம்பிச்சுது. வாங்கினவங்க தங்க படங்களை வரிசையா வச்சுக் காட்டினாங்க. 2013-ல புது ஷட்டரோட டி610 வந்துச்சு. 2014 பிப்ரவரியில, வாரண்டி முடிஞ்சிருந்தாலும் இலவசமாச் சுத்தம் பண்ணி ஷட்டர் மாத்தித் தர்றோம்னு கம்பெனியே அறிவிச்சுது. அடுத்த மாசம் சீனாவுல அரசு தொலைக்காட்சி இதைக் காட்டினதும், அங்க அந்தக் கேமரா விற்பனையையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. வானத்தைப் படம் எடுத்துப் புள்ளி எண்ணத் தெரிஞ்சவங்க இருந்ததாலதான் இது வெளிய வந்துச்சு. தன் பொருளைத் தானே பார்க்கத் தெரியாதவனால கேள்வி கேட்க முடியாது.

"புள்ளியைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாமே, எதுக்கு இவ்வளவு பாடு?"ன்னு இன்னொரு கேள்வி. கல்யாண ஆல்பத்துக்குச் சரி. நெசவாளிக்குச் சரிப்படாது. நம்ம தம்பி சொன்னதை அப்படியே எழுதறேன்: "படத்துல புள்ளியை அழிக்க ஆரம்பிச்சா, நாளைக்கு நிஜமாவே இழை விட்டிருந்தாலும் அழிச்சுட்டுத்தான் அனுப்பினான்னு சொல்லுவாங்கண்ணே. எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு பேருதான்." இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

எதுக்கும் ஒரு எல்லை உண்டு, ஒத்துக்கறேன். வாரண்டியில இருக்கற கேமரான்னா அந்தத் தாளைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. சென்சாரே அசைஞ்சு கை நடுக்கத்தைச் சரிபண்ற ரகம்னா புத்தகத்துல சொன்ன முறையில மட்டும் செய்யுங்க. எண்ணெய்ப் பொட்டு, பூஞ்சை, கீறல்னா தெரிஞ்சவர்கிட்டயே கொடுங்க. கை நடுங்குதுன்னா வேணாம். ஆனா ஊதறதுக்குக் கூட பயம்னா அது ஜாக்கிரதை இல்ல, பழக்கிவிட்ட பயம்.

எங்க பக்கத்துல மோட்டார் நின்னா நாங்களே கழட்டுவோம். தறியில விழுது அறுந்தா நெசவாளியே கட்டுவாரு. யாரும் அதுக்குச் சென்னைக்குச் சீட்டு எழுதினதில்ல. இப்ப வர்ற டிராக்டர்லயும் பூட்டு, போன்லயும் பூட்டு, கேமராவுலயும் பூட்டு. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்னிக்கு மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு. விவசாயக் கருவி, போனும் மின்னணுப் பொருளும், வீட்டு உபயோகப் பொருள், வண்டின்னு நாலு வகை. நல்ல விஷயம். ஆனா உரிமையைத் தாள்ல கொடுத்துட்டா போதுமா? திறந்து பார்க்கற தைரியத்தை யாரு தர்றது?

இன்னொண்ணையும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க சாலையில லென்ஸ் மாத்த முடியல. ராத்திரி பகலா எம்-சாண்ட் லாரி போகுது, ஜல்லி போகுது. காஞ்சிபுரத்தைச் சுத்தி இருக்கற கிரஷர்ல உடையற கல்லு உங்க அடுக்குமாடிக்குத்தான் வருது. அதோட மாவு எங்க நெல் இலையிலயும் சேலைப் படத்துலயும் விழுது. அந்தத் தூசியை ஊதித் தள்ள இன்னும் பல்பு வரல.

மஞ்சள் சேலையை அந்த அம்மா திரும்பக் கேட்கல. புதுப்படத்தை அனுப்பி விஷயத்தையும் எழுதினோம், பதில் இல்ல. சேலை இன்னும் அவர் வீட்டுப் பெட்டியிலதான் இருக்கு. தறியில இப்ப மயில்கழுத்து நிறம் ஓடுது. அது இறங்கினதும் முதல்ல வானத்தை ஒரு படம், அப்புறம்தான் சேலைன்னு சொல்லியிருக்காரு. பல்பை அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன்.

உங்க வீட்டு அலமாரியிலயும் ஒரு கேமரா தூங்கிக்கிட்டு இருக்கும். இன்னிக்குச் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் எஃப்/22-ல வானத்தை ஒரு படம் எடுங்க. எத்தனை புள்ளின்னு எண்ணுங்க.

அடுத்த வாரம் நெல்லுக்கு வர்றேன்.