பேரனின் பாஸ்கெட்பால் கார்டும் என் கிளி லேபிளும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "அம்மாச்சி, நீங்க தீப்பெட்டிப் படம் சேர்க்கிறீங்கள்ல, எனக்கு ஒரு ஐடியா சொல்லுங்க" என்றான். அவனுக்குப் பழைய பாஸ்கெட்பால் கார்டு ஒரு செட் முழுசாகச் சேர்க்க வேண்டுமாம். கையில் இருப்பது 150 டாலர். எந்த செட் வாங்கலாம் என்பது கேள்வி.

எனக்குப் பாஸ்கெட்பாலில் தெரிந்தது பள்ளி மைதானத்தில் துருப்பிடித்து நின்ற வளையம் மட்டும்தான். ஆனாலும் ஆசிரியர் புத்தி விடுமா? அவனையே கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடம் கற்றுக்கொண்டேன். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டையை வைத்து விற்பார்களாம். ஒரு வருடத்துக்கு ஒரு செட். ஒவ்வொரு அட்டைக்கும் எண் உண்டு, எத்தனை அட்டை என்று பட்டியலும் உண்டு. அவன் ஆசைப்பட்டது பிளீர் கம்பெனி 1986-87 சீசனுக்கு வெளியிட்ட செட். மொத்தம் 132 அட்டை. அதில் 57-ஆம் எண் மைக்கேல் ஜோர்டான். ஒரு கீறல் கூட இல்லாத அந்த ஓர் அட்டை 2021 ஜனவரியில் ஏலத்தில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போனது என்றான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

"அப்ப மிச்சம் 131 பேரும் சும்மாவா விளையாடுனாங்க?" என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒரு செட்டின் விலையை ஒன்றிரண்டு அட்டை தின்றுவிடுகிறது. பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் முதல் அட்டை எந்த செட்டில் இருக்கிறதோ, அந்த செட் நம் கைக்கு எட்டாது. அப்படி ஒருவர் வருவதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து நின்றுகொண்டால் எட்டும். டாப்ஸ் கம்பெனி 1977-78, 78-79, 79-80 என்று மூன்று சீசனுக்கும் 132 அட்டை போட்டிருக்கிறது. கரீம் அப்துல் ஜப்பார் இருக்கிறார், ஜூலியஸ் எர்விங் இருக்கிறார். அடுத்த 1980-81 செட்டில் லாரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் ஒரே அட்டையில் வந்து விலையைத் தூக்கிவிட்டார்கள். "அந்தப் படிக்கு முந்தின படியில உக்காரு தம்பி. ஓரம் மடங்கினதா இருந்தாலும் பரவாயில்ல, ஒண்ணொண்ணா வாங்கு" என்று சொன்னேன். 78-79 செட்டைப் பிடித்திருக்கிறான். இப்போது நாற்பது சொச்சம் அட்டை சேர்ந்திருக்கிறதாம்.

அவனுக்குச் சொன்ன பிறகுதான், இதே கேள்வியை நம் ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். ஓய்வு பெற்றவர்கள் பலர் "பொழுது போகவில்லை, எதையாவது சேர்க்கலாமா டீச்சர்" என்று கேட்கிறார்கள். நாணயம் என்றால் போலி அதிகம். தபால்தலை என்றால் ஆல்பம், கேட்டலாக் என்று செலவு இழுக்கும். நான் தயங்காமல் தீப்பெட்டி லேபிள் என்றுதான் சொல்வேன். நம் மண்ணின் சரக்கு அது. சுந்தரபாண்டியத்தில் கிளம்பி கிருஷ்ணன்கோவில் வழியாகப் போனால் சிவகாசி. அந்தப் பக்கம் சாத்தூர், அதைத் தாண்டினால் கோவில்பட்டி. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்த வசதி கிடையாது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மறு வருடம் இங்கே தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்னால் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்தது. நம் சாமி படங்களை அங்கேயே அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். அந்த லேபிள்கள்தான் இந்த உலகத்தின் ஜோர்டான் கார்டு. அழகுதான், மறுக்கவில்லை. பென்ஷன்காரர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

நாம் பார்க்க வேண்டியது 1970, 80-களில் இங்கே இருந்த சின்னச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்களின் லேபிள். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) மரச்சீவல் பெட்டிக்கு நீலத்தாள் சுற்றி, மேலே சின்னதாக ஒரு படம். சிங்கம், மான், சாவி, விளக்கு, ரோஜா, டெலிபோன், சைக்கிள்... ஒரு படம் சந்தையில் ஓடினால் பக்கத்து ஆபீஸ்காரர் அதைப் போலவே ஒன்று போட்டுவிடுவார். எண்ணிக்கைக்கு அடங்காது. இதில் பேரனின் கார்டு போலப் பட்டியலும் கிடையாது, இதோடு செட் முடிந்தது என்று சொல்ல ஆளும் கிடையாது.

அதனால்தான் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பாதியில் சலித்து விடுகிறார்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஆயிரம் சேர்ந்ததும் குப்பை போலத் தெரியும். வேலியை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஊர் லேபிள் மட்டும் என்று வைக்கலாம், அல்லது ஒரே மிருகம், அல்லது ஒரே பத்து வருடம். நான் போட்ட வேலி கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு வேறு எது தோன்றும்? ஆண்டாள் கையில் தினமும் புதுசாக இலையில் கட்டி வைக்கிறார்களே, அந்த நினைப்புதான். ஒற்றைக் கிளி, ஜோடிக் கிளி, கூண்டுக் கிளி, பழம் கொத்தும் கிளி என்று ஆறு வருடத்தில் 43 சேர்த்திருக்கிறேன். மொத்தச் செலவு இரண்டு பட்டுச்சேலை விலை கூட வராது.

வருடம் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பார்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லேபிளில் ஆபீஸ் பெயரும் ஊரும் சில சமயம் இருக்கும். டஜன் பாக்கெட் மேலும் 600 பெட்டி பண்டல் மேலும் ஒட்டுகிற பெரிய லேபிளில் முகவரியும் கிடைக்கலாம். முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, ஏனென்றால் பின்கோடே அப்போதுதான் வந்தது. மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தியது. சிவகாசி, சாத்தூர் லேபிளில் ராம்நாட் டிஸ்ட்ரிக்ட் என்று இருந்தால் 1985-க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருடம்தான் நம் மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனது. விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் 1997-இல் வந்தது. கோவில்பட்டி லேபிளில் திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டிருந்தால் 1986-க்கு முந்தியது. பழைய ஸ்டாக்கை ஒன்றிரண்டு வருடம் தள்ளியும் ஒட்டியிருப்பார்கள், அதையும் மனதில் வைக்க வேண்டும். விலை அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம். 50 காசு 1 ரூபாய் ஆனது 2007-இல், 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1-இல். நாலாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் இப்படி நடத்தியிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய பேப்பர் கடை, மளிகைக்கடைப் பரண், இழுத்து மூடிய அச்சாபீஸ் ஆகிய மூன்று இடங்களில் தேடினால் கிடைக்கும். ஆன்லைனிலும் நூறு நூறாகக் கட்டி விற்கிறார்கள். ஒட்டாத, வெட்டாத முழுத்தாளைப் புதுசாக வெட்டி 'அபூர்வம்' என்று விலை வைப்பவர்களிடம் கவனமாக இருங்கள். பெட்டியோடு கிடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் லேபிள் தானாகப் பிரியும். சிவப்புச் சாயம் சிலதில் கரையும், அதனால் முதலில் ஒரு மூலையை நனைத்துப் பாருங்கள். பிறகு பழைய நோட்டுக்குள் வைத்துக் காய விடுங்கள். செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதில் பெரிய சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர்களுக்கு ஒட்டப்படாத, பளிச்சென்ற லேபிள்தான் உசத்தி. பேரன் ஊரிலும் அப்படித்தானாம், கார்டுக்கு 1 முதல் 10 வரை மார்க் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகிறார்கள். எனக்கு ஒட்டினதுதான் வேண்டும். பின்பக்கம் பசைக் கறை, ஓரத்தில் விரல் பட்ட அழுக்கு எல்லாம் இருக்கட்டும். விலையும் அதற்குக் குறைவு.

முதலில் விலைக்காகத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம்தான் வேறு காரணம் கிடைத்தது.

நான் 1983-இல் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். வகுப்பில் 38 பேர். விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. அந்தச் சின்ன விரலுக்கு வேகம் அதிகம் என்று பெரியவர்களே பெருமையாகச் சொல்வார்கள். பத்து மணிக்கு நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எதிரே இருபது பிள்ளைகள் கூட இருக்காது. வராதவர்களுக்கு வரவில்லை என்று போட்டால் நாளைக்குப் பெயர் அடிக்க வேண்டும், பெயர் அடித்தால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் ஒரு பணியிடம் போகும். "போட்டு விடும்மா" என்றார்கள். போட்டேன். மூன்று வருடம் போட்டேன். சொல்லிக்கொடுத்தது யாராக இருந்தாலும் பேனா என் கையில்தான் இருந்தது.

பிறகு 1986-இல் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசிப் பக்கம் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தால் பிள்ளை ஒன்றுக்கு முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் எனக்கு மாறுதல் கிடைத்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

போன வருடம் அந்த ஊரிலிருந்து ஒரு பெண் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தாள். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள், இப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருப்பாள். மேஜையில் ஆல்பம் திறந்து கிடந்தது. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பச்சைக் கிளியில் விரலை வைத்தாள்.

"இது நான் ஒட்டுனது டீச்சர்."

"இதேதானா?" என்றேன்.

"இதேன்னு எப்படிச் சொல்ல? ஆனா இந்தக் கிளிதான். மூக்கப் பாருங்க, செவப்பு தள்ளி விழுந்திருக்கும். அச்சாபீஸ்ல சரியா விழாம ஒரு லாட்டு வந்துச்சு. மூக்கு ஒடஞ்ச கிளின்னு சொல்லிச் சிரிப்போம். மைதாவுல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை, சாயந்தரம் சோத்துல கை வச்சா எரியும்."

நான் ஆறு வருடமாக அந்த லேபிளை 'அச்சுப் பிழை, மார்க் குறைவு' என்று குறித்து வைத்திருந்தேன்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "நாலாப்பு பாஸுன்னு எங்கிட்ட சர்டிபிகேட்டு இருக்கு டீச்சர். அந்த வருசம் நான் எத்தன நாள் ஸ்கூலுக்கு வந்தேன்?"

பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

ஆகவே எந்த செட் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இப்போது கொஞ்சம் மாறிவிட்டது. கைக்கு எட்டுகிற விலையில், உங்களுக்குப் பிடித்த ஒரே படமாகப் பாருங்கள். அதிலும், அதை ஒட்டின கை இன்னும் உயிரோடு இருக்கிற காலத்து லேபிளாகத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். காட்டுங்கள், கேளுங்கள், எழுதி வையுங்கள். நூறு வருடத்து ஸ்வீடன் லேபிளிடம் இதைக் கேட்க முடியாது. நான் இப்போது கிளிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதுகிறேன். 43-இல் 11-க்கு ஆள் கிடைத்திருக்கிறது.

அந்தப் பச்சைக் கிளியை அவளிடமே கொடுத்துவிட்டேன். "எதுக்கு டீச்சர்" என்றாள், ஆனால் மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டாள். போன ஆவணியில் கல்யாணத்துக்கும் போய்வந்தேன். என் ஆல்பத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது, குறிப்பு மட்டும் இருக்கிறது.

சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் பரணில் தேடிப் பாருங்கள். பச்சைக் கிளி, மஞ்சள் தரை, சிவப்பு மூக்கு விலகி விழுந்திருக்கும். கிழிந்திருந்தாலும் சரி. பணம் தர மாட்டேன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அரைக் கிலோ வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். அதை ஒட்டினவர் யாராவது வீட்டில் இருந்தால் ஒரு கிலோ.