பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா? ஒன்றாம் வகுப்பில் உண்மையான வித்தியாசம் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடிக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் இப்போது அதிகம். 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 4 அன்று, வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளப் பணி நடக்கிறது. துறைமுகமும் கப்பல் வேலையும் எப்போதும் இருப்பவை. வேலையோடு வரும் இளம் தம்பதிகள் வாடகை வீட்டுக்கு அடுத்தபடியாக விசாரிப்பது பள்ளிக்கூடத்தைத்தான்.

அந்த விசாரிப்பில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். "பிரிட்டிஷ் சிலபஸ் இருக்கா?", "அமெரிக்கன் மெத்தட்ல சொல்லிக் குடுப்பாங்களா?" பள்ளி விளம்பரங்களிலும் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. சரி, அந்த இரண்டு நாடுகளிலும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கிறது?

லண்டன் சொல்லும், ஊர் செய்யும்

முதலில் ஒரு திருத்தம். 'பிரிட்டிஷ் கல்விமுறை' என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்குக்கும் தனித்தனிக் கல்வி நிர்வாகம். நம் ஊரில் பிரிட்டிஷ் முறை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்தின் முறை.

அங்கே 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதிலேயே 'ரிசப்ஷன்' வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு முடிவில் ஒரு வாசிப்புச் சோதனை. நான்காம் ஆண்டில் வாய்ப்பாட்டுச் சோதனை. ஆறாம் ஆண்டில், 11 வயதில், 'சாட்ஸ்' தேர்வு. இவற்றுக்கு மேல் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு பள்ளி பள்ளியாகச் சென்று மதிப்பிடுகிறது. ஒரு பள்ளியின் தரத்தை ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்தும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. 2023இல் ஒரு தலைமை ஆசிரியையின் தற்கொலையை அடுத்து எழுந்த எதிர்ப்பால் 2024 செப்டம்பரில் அது கைவிடப்பட்டது.

ஊர் சொல்லும், வாஷிங்டன் பார்க்கும்

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பாடத்திட்டத்தின் வரையறையை மாநிலம் வகுக்கும். எந்தப் புத்தகம், எந்த முறை என்பதைப் பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி வாரியம் தீர்மானிக்கும். பணத்தின் பெரும்பகுதியும் மாநிலத்திலிருந்தும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. வீட்டு விலை ஏறிய பகுதியில் பள்ளியும் செழிக்கும், ஏழைப் பகுதியில் பள்ளியும் ஏழையாகவே இருக்கும் என்ற புகார் அங்கே மிகப் பழையது.

5 வயதில் கிண்டர்கார்டன், 6 வயதில் ஒன்றாம் வகுப்பு. மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை 4, 8ஆம் வகுப்புகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் தேசிய மதிப்பீடு உண்டு. ஆனால் அதை வைத்துத் தனி ஒரு பிள்ளைக்கோ பள்ளிக்கோ மதிப்பெண் போடுவதில்லை. 1979இல் சட்டம் போட்டு உருவாக்கிய மத்திய கல்வித் துறையையே மூடும் பணியைத் தொடங்கும்படி 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் உத்தரவிட்டார். முழுதாக மூட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்பது வேறு கதை.

சண்டை எல்லாம் வாசிப்பைச் சுற்றித்தான்

நிர்வாகம் இப்படி இரு துருவம். ஆனால் கடந்த 20 ஆண்டுகளில் இரு நாடுகளிலும் தொடக்கப்பள்ளி பற்றிய பெரிய சண்டை ஒன்றேதான்: பிள்ளைக்கு வாசிக்க எப்படிச் சொல்லித்தருவது?

இங்கிலாந்தில் 2006இல் வந்த ரோஸ் அறிக்கை, எழுத்துக்குரிய ஒலியை முதலில் கற்பித்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக வாசிக்க வைக்கும் 'ஃபோனிக்ஸ்' முறையைப் பரிந்துரைத்தது. ஏ, பி, சி என்று அகர வரிசையில் தொடங்குவதில்லை. பல பள்ளிகளில் ஸ், அ, ட், ப், இ, ன் என்ற ஆறு ஒலிகளில் ஆரம்பிக்கிறார்கள். இந்த ஆறை வைத்தே 'சிட்', 'பின்', 'டாப்' என்று டஜன் கணக்கில் சொற்களை வாசித்துவிடலாம் என்பதுதான் காரணம்.

2012இல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சோதனை வந்தது. 40 சொற்கள். அதில் 20 அர்த்தமே இல்லாத, உருவாக்கிய சொற்கள். பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும். அர்த்தமுள்ள சொல்லைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். பொய்ச் சொல்லை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். முதல் ஆண்டில் தேறியவர்கள் 58 சதவீதம். 2024இல் 80 சதவீதம். 2021 சுற்று பன்னாட்டு வாசிப்பு மதிப்பீட்டில் இங்கிலாந்து நான்காவது இடம் பிடித்தது. அதே மதிப்பீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. வாசிப்பு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்ன பிள்ளைகளின் விகிதம் அங்கே சர்வதேச சராசரியைவிடக் குறைவு. வாசிக்க வைத்துவிட்டார்கள், ரசிக்க வைத்தார்களா என்பது அங்கே இன்னும் முடியாத வாக்குவாதம்.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வேறு ஒரு நம்பிக்கை ஓங்கியிருந்தது. நல்ல புத்தகங்களுக்கு நடுவே விட்டால் பிள்ளை தானாக வாசிப்பைப் பிடித்துக்கொள்ளும். தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்து, வாக்கியத்தின் போக்கைப் பார்த்து ஊகிக்கலாம் என்பது அது. குதிரைப் படம் இருக்கும், கீழே 'ஹார்ஸ்' என்று எழுதியிருக்கும். பிள்ளை 'போனி' என்று வாசித்தால், அர்த்தம் சரிதானே என்று விட்டுவிடுவார்கள். படம் இல்லாத புத்தகம் கைக்கு வரும்போதுதான் சிக்கல் தெரியும். 2022இல் எமிலி ஹான்ஃபோர்டு என்ற பத்திரிகையாளரின் 'சோல்டு எ ஸ்டோரி' பாட்காஸ்ட் இதை வீட்டு வீட்டுக்குப் பேசுபொருளாக்கியது. பல மாநிலங்கள் ஊகிக்கும் முறையைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தன.

மாற்றத்தை முன்பே தொடங்கியது மிசிசிப்பி. நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 49வது இடம். அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். ஆசிரியர்களுக்கு ஒலிவழி வாசிப்பில் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாதவர்களை அதே வகுப்பில் நிறுத்துவது. 2024இல் அந்த மாநிலம் 9வது இடத்தில் இருந்தது. பின்தங்கியவர்களை நிறுத்திவைத்ததால் நான்காம் வகுப்புச் சராசரி உயர்ந்து தெரிகிறது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அதை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு தூரம் ஏறியிருக்காது.

சி ஏ டி... கேட்!

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். மாலை நேரத்தில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய சத்தம் இது: "சி ஏ டி கேட், சி ஏ டி கேட், ஆர் ஏ டி ரேட்." பிள்ளை பத்து முறை சொல்லும், மறுநாள் டிக்டேஷனில் எழுதும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது.

இதை இங்கிலாந்து ஆசிரியரிடமோ மிசிசிப்பி ஆசிரியரிடமோ காட்டினால் குழம்பிப்போவார்கள். 'சி', 'ஏ', 'டி' என்பவை எழுத்துகளின் பெயர்கள். அவற்றைச் சேர்த்தால் 'சிஏடி' என்றுதான் வருமே தவிர 'கேட்' வராது. இடையில் உள்ள ரகசியத்தை, அதாவது அந்த எழுத்து 'க்' என்று ஒலிக்கும் என்பதை, யாரும் சொல்லித்தருவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். மற்றது மனப்பாடம் செய்து ஓட்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்குச் சுமார் 44 ஒலிகள் என்பதால் மனப்பாடம் சீக்கிரமே கைவிட்டுவிடும்.

தமிழில் இந்தக் கஷ்டம் இல்லை. 'க' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. 'கடல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கிறது. ஆனால் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அந்த மாற்றம் நாக்கிலேயே இருக்கிறது. அதாவது, இங்கிலாந்து சட்டம் போட்டுக் கொண்டுவந்ததைத் தமிழ் அரிச்சுவடி எப்போதோ செய்துகொண்டிருக்கிறது. அதே ஆசிரியர், அதே வகுப்பறை. அடுத்த பீரியடில் ஆங்கிலத்துக்கு மட்டும் வேறு வழி.

தமிழ் வாசிப்பின் தடை வேறு இடத்தில். 247 எழுத்துகளைப் பழக நாளாகும். அதைவிடப் பெரிது, வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரம். கடற்கரைப் பிள்ளை 'வள்ளம் வந்துட்டு' என்று சொல்லும். புத்தகம் 'படகு வந்துவிட்டது' என்று சொல்லும். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் அங்கே பிள்ளை தயங்கி நிற்கும். இதற்கு பிரிட்டனிடமும் பதில் இல்லை, அமெரிக்காவிடமும் இல்லை.

எழும்பூர் மணலில் இருந்து நியூயார்க் வரை

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதை ஆண் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். எட்டு வயது மாணவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தரும் அந்த முறையை 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து தேவாலயப் பள்ளிகளில் அது பரவியது. அவருடைய போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டரின் வடிவம் 1806இல் நியூயார்க்கின் இலவசப் பள்ளிக்குப் போனது. இரு நாட்டு ஏழைப் பிள்ளைகளும் அந்தக் காலத்தில் ஒரே திண்ணையின் நிழலில்தான் படித்தார்கள் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு காற்று திரும்பி வீசியது. முத்துக்குளித்துறையின் தெற்கே இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் ஜி.யு.போப் என்று பிரிட்டிஷ் சங்கங்களின் பள்ளிகள். வடக்கே மதுரையில் 1834 முதல் அமெரிக்க மிஷன். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் 1816 முதலே அமெரிக்கர்கள். இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். தேறிய தலைக்கு ஏற்ப மானியம். சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காகவே பாடம் நடத்தும் பழக்கத்துக்கு வித்திட்டது அதுதான். இங்கிலாந்து 1890களில் அதைக் கைவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

தமிழ்நாடு எந்தப் பக்கம்?

1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில் இழுபறி. தேசியக் கல்விக் கொள்கை 6 வயதில் ஒன்றாம் வகுப்பு என்கிறது. தமிழ்நாடு 5 வயதில் சேர்க்கிறது. 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்த 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, எட்டு வரை நிறுத்தம் இல்லை என்று தொடர்கிறது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேராத பிரச்சினையில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேச்சில் அமெரிக்கா மாதிரி மாநில உரிமை, பண விஷயத்தில் இங்கிலாந்து மாதிரி மத்திய பிடி என்ற நிலை.

வாசிப்பில், கொரோனாவுக்குப் பின் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளைக் குறிவைத்தது. எட்டு வயதுக்குள் எல்லோருக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் என்பது இலக்கு. நிறுத்திவைக்கும் மிசிசிப்பியின் கடுமையை எடுத்துக்கொள்ளவில்லை. சரியான முடிவுதான். ஆனால் அங்கே பின்தங்கிய பள்ளிக்கு ஒரு பயிற்றுநர் தொடர்ந்து போய் வகுப்பிலேயே உட்கார்ந்தார். அந்தப் பாதி இல்லாமல் இந்தப் பாதி நிற்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை: சாப்பாடு. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்து எட்டயபுரத்தில். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. இங்கிலாந்து, இலவசக் காலை உணவைச் சோதனை முறையில் 750 பள்ளிகளில் தொடங்கியது 2025 ஏப்ரலில்தான்.

அட்மிஷனுக்கு முன்

கேம்பிரிட்ஜ் பலகையைப் பார்த்தால், அது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் அல்ல, வெளிநாட்டுப் பள்ளிகளுக்காகத் தயாரித்த தனிப் பாடத்திட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி. என்பதைச் சிலர் அமெரிக்கப் பாடத்திட்டம் என்று நினைக்கிறார்கள். அது 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. இரண்டுமே ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆங்கில எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. அரசுப் பள்ளியானாலும் லட்சம் கட்டும் பள்ளியானாலும் அதை அந்த ஆசிரியரிடமேதான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு தாளில் ஆங்கிலத்தில் 'பிம்', 'வாப்' என்பது போன்ற அர்த்தமில்லாத இரண்டு சொற்களை எழுதிக் காட்டுங்கள். ஒலி தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். மனப்பாடத்தில் ஓடும் பிள்ளை "பி ஐ எம்..." என்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.