குப்பை லாரிக்கு எப்போ ரிட்டயர்மெண்ட்?

போன வாரம் மூணு நாள் எங்கள் தெருவுக்குக் குப்பை லாரி வரவில்லை. நாலாவது நாள் வந்தது. வந்து சரியாக எங்கள் வாசலில் படுத்துக்கொண்டது. குப்பையை அழுத்தும் தகடு பாதியில் நிற்க, ரோட்டில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுக, பின்னால் நின்ற இரண்டு பையன்கள் வெறுங்கையால் குப்பையை உள்ளே தள்ளினார்கள். நடுநடுவே இன்ஜினை முறுக்கினால், சைலன்சர் புகை மொத்தமும் அவர்கள் பக்கம்தான்.

"இதுக்கு முன்னாடி நான் ரிட்டயர் ஆயிடுவேன் போல இருக்கு சாப்" என்றார் டிரைவர் இந்தியில். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. மாநகராட்சி, பஞ்சாயத்து வண்டிகளுக்கும் சேர்த்துத்தான். நல்ல விதி. 2010-இல் நாடு முழுக்க வந்த பிஎஸ்-3 லாரி இன்ஜினுக்கு அனுமதிக்கப்பட்ட புகைத் துகள் அளவு, யூனிட்டுக்கு 0.10 கிராம். 2020-இல் வந்த பிஎஸ்-6-க்கு 0.01. பத்தில் ஒரு பங்கு! "ரிப்பேர் பண்ணியே ஓட்டலாமே" என்கிற நம் நடுத்தர வர்க்க புத்தி இங்கே செல்லாது. பில் நமக்கு மிச்சம், நுரையீரல் அந்தப் பையன்களுடையது.

ஆனால் 15 என்கிற எண் மட்டும் போதாது என்பது என் கட்சி.

குப்பை லாரி ஓடுவது கொஞ்சம், நின்றபடி உறுமுவது அதிகம். தகட்டை இயக்கும் பம்புக்கும் அதே இன்ஜின்தான். ஒரு மணி நேரம் நின்று உறுமினால் 40, 50 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்று வண்டிக் கணக்குப் பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. ஓடோமீட்டர் இதைக் காட்டாது. இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்தால் பல லாரிகள் 15-க்கு வெகு முன்பே கிழடு.

சரி, புதுசு வாங்கினால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. பிஎஸ்-6 டீசல் லாரியில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஹைவேயில் ஓடும் லாரிக்கு அது தானாகக் கிடைக்கும். பத்தடிக்கு ஒரு தரம் நிற்கும் லாரிக்குக் கிடைக்காது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பெரிய லாரிகளில் யூரியா திரவம் வேறு ஊற்ற வேண்டும். தீர்ந்தால் இழுவையே குறைந்துவிடும். சுத்தியலும் ஸ்பானரும் மட்டும் உள்ள பழைய பணிமனை இதைச் சமாளிக்காது. சென்சார் கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும், பயிற்சி பெற்ற மெக்கானிக் வேண்டும், ஸ்டாக்கில் ஸ்பேர் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். லாரி வாங்க மானியம் வரும். மேயர் கொடியசைப்பார், போட்டோ வரும். ஸ்பேர் வாங்குவதற்கு யார் கொடியசைப்பார்கள்? இன்னொன்று, மானியம் வரும் வருஷத்தில் மொத்தமாக வாங்கினால் மொத்தமாகத்தான் கிழடாகும்.

எனக்குத் தோன்றும் வழி சாதாரணமானது. ஒரு நகரத்திடம் 150 லாரி, ஆயுள் 10 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15 மாற்ற வேண்டும். அதற்கான பணத்தை வருஷா வருஷம் பட்ஜெட்டில் தனியாக எடுத்து வைத்து, வேறு எதற்கும் தொடக்கூடாது. எந்த 15 என்பதை மணிக்கணக்கும் ரிப்பேர் செலவும் சொல்லட்டும். டெண்டரிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்க்கட்டும். இந்தூரில் 2022-இல் தொடங்கிய ஆலையில் ஈரக்குப்பையிலிருந்தே வண்டிக்கான வாயு எடுக்கிறார்கள். அப்படி வாயு கிடைக்கும் ஊரில் டீசலையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

அடுத்த தடவை கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது, "புது லாரி எத்தனை வாங்கினீங்க" என்று கேட்காதீர்கள். "இன்னிக்குக் காலைல எத்தனை லாரி ஷெட்டை விட்டுக் கிளம்பிச்சு" என்று கேளுங்கள். பதில் வராது. ஆனாலும் கேளுங்கள் :-)